சிதம்பரத்துப் பெண்ணைப் பற்றி ஒரு கேள்வி

அந்த வெள்ளைக்காரியைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் வயிறு எரிந்தது. என் புருஷனையும் அவள் புருஷனையும் ஒரே காரிலிருந்து, ஒரே ரோட்டில், துப்பாக்கியைக் காட்டி இறக்கிக் கொண்டுபோயிருந்தார்கள். டிவியில் வந்தது அவள் புருஷன் படம் மட்டும். பனிமலை மேல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரிக்கிற படம். அப்புறம் அவளே வந்தாள். அவள் முன்னால் கொத்தாக மைக். அழுதாள், மூக்கைத் துடைத்துக்கொண்டாள், என் கணவரை விட்டுவிடுங்கள் என்று இங்கிலீஷில் சொன்னாள். கீழே ஓடிய எழுத்தில், ‘அவருடன் சென்ற இன்னொரு ஊழியரும் கடத்தப்பட்டுள்ளார்’ என்று போட்டார்கள். அந்த இன்னொரு ஊழியர்தான் என் வீட்டுக்காரர்.

“இன்னா சொல்றா அவ?” என்று என் மாமியார் கேட்டார். நான் அத்தை என்று கூப்பிடுவது அவரைத்தான். நாங்கள் இருவரும்தான் கடலூர் முதுநகர் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

“அவ புருஷன வுடச் சொல்றா.”

“நம்ம புள்ளய?”

“நம்ம புள்ளயப் பத்தி அவளுக்கு இன்னா கவலை அத்தை?”

பாவம், அவளைச் சொல்லி என்ன? அவள் இடத்தில் நான் இருந்தாலும் என் புருஷனை மட்டும்தான் கேட்டிருப்பேன். இதெல்லாம் இப்போது யோசித்துச் சொல்கிற நியாயம். அன்றைக்கு அவள் தலைமுடி, அவள் போட்டிருந்த கோட்டு, அவள் பக்கத்தில் நின்று தோளைத் தட்டிக்கொடுத்த பெரிய மனுஷர், எல்லாவற்றின் மேலும் எனக்கு எரிச்சல்தான். என் தோளைத் தட்டிக்கொடுக்க ஒரு ராஜாங்கமும் வரவில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். மரியாதையாக வாங்கிக்கொண்டு, மேலே அனுப்புகிறோம் அம்மா என்றார்கள். மேலே என்றால் எவ்வளவு மேலே என்று நான் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஜெனரேட்டர் மெக்கானிக். எந்த நாடு என்று எழுதப்போவதில்லை. கம்பெனியில் சொல்லக் கூடாது என்றிருக்கிறார்கள், சொன்னாலும் அது வாயில் நுழையாத பெயர். பாலைவனத்தில் கேஸ் பைப் போடுகிற வேலை. ஒரு பக்கம் சண்டை நடந்துகொண்டே இருக்குமாம், இன்னொரு பக்கம் பைப் ஓடிக்கொண்டே இருக்குமாம். வெள்ளைக்கார இன்ஜினியர்களைக் கம்பெனியே நேராக எடுக்கும். எங்கள் ஆட்களை ஏஜெண்ட் வழியாக எடுக்கும். அந்த ஒரு வித்தியாசத்தில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று அவர் போனில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

“அவுங்களுக்கு இங்க வர்றதுக்கு முன்னாடியே கிளாஸ் இருக்குதாம். தலையில சாக்க மாட்டி, கையக் கட்டி, இருட்டு ரூம்ல ஒக்கார வெச்சிடுவாங்களாம். காசு குடுத்து கடத்தல் பழகிக்கிறானுவ பாரு!”

“உங்களுக்கு?”

“எங்களுக்குத் தீப்புடிச்சா எந்தப் பக்கம் ஓடணும்னு படம் போட்டு ஒட்டியிருக்காங்க.”

இன்ஜினியர்கள் போகிற கார் குண்டு துளைக்காத கார். கதவைச் சாத்தவே இரண்டு கை வேண்டும் என்பார். அந்தக் காரில் ஒருநாளாவது ஏறிவிட வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. இவர்கள் போவது திறந்த வண்டியில், ஸ்பேனர் பெட்டியோடு.

“மாமா, உன்னத் தூக்கிட்டுப் போயிட்டா இன்னா பண்றது?” என்று ஒருமுறை கேட்டேன்.

“என்னத் தூக்கி அவன் இன்னா பண்ணுவான்? எங்கம்மாகிட்ட பேரம் பேசுவானா? வெள்ளைக்காரனத் தூக்குனா ஒரு நாடே பதறும். அதுக்குத்தான் தூக்குறான். நமக்கெல்லாம் அந்த யோகம் கெடையாது.”

யோகம் வந்தது. தூரத்து ஸ்டேஷனில் ஜெனரேட்டர் நின்றுபோயிருக்கிறது. இவர் வண்டி ரிப்பேர். நீயும் என்னோடு வா என்று இன்ஜினியர் தன் காரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். உள்ளே உட்கார்ந்ததும் மனுஷன் செய்த முதல் வேலை, செல்பி எடுத்து எனக்கு அனுப்பியது. வாயெல்லாம் பல். ‘யார் கார்ல போறேன் பாத்தியா’ என்று கீழே எழுதியிருந்தார். ‘ஆமா, பெரிய தொர’ என்று பதில் போட்டேன். அது ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது. டிரைவர் அந்த ஊர்க்காரன் என்பதால் அவனை ரோட்டோரமே விட்டுவிட்டார்கள். இவர் திறந்த வண்டியில் போயிருந்தால் இவரையும் விட்டிருப்பார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பாழாய்ப்போன கார்!

கம்பெனி சார்பில் ஒரு சார் போன் பேசினார். தமிழ்க்காரர்தான். கடத்தல்காரர்களிடம் பேசுகிற கூட்டத்தில் ஒருவர், குடும்பத்தாரிடம் பேசுவது அவர் வேலை. குரல் மெதுவாக, பதற்றமே இல்லாமல் இருக்கும். நான் கடலூரில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறேன். ஊசியைக் கண்டு பயப்படுகிறவர்களிடம் நான் பேசுகிற குரல் அது. அதனாலேயே அவர் பேசினால் எனக்குப் பயம் ஜாஸ்தியாகும்.

“டிவி, பேப்பர் யார்கிட்டயும் பேசாதீங்கம்மா” என்றார்.

“அந்தம்மா மட்டும் பேசுறாங்களே சார்?”

“அது தப்புதாம்மா. அப்படிப் பேசப் பேச, பிடிச்சு வெச்சிருக்கிறவங்க கேக்குற பணம் ஏறும்.”

என் புருஷன் விலையும் கொஞ்சம் ஏறட்டுமே என்று தோன்றியது. விலையே இல்லாதவனை யார் பத்திரமாக வைத்திருப்பார்கள்? இதை அவரிடம் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, மத்தியானம் லேபில் கூட்டம் குறைந்த நேரத்தில் அவர் மறுபடி கூப்பிட்டார். “ஒரு கேள்வி வேணும்மா” என்றார். கணவன் மனைவி இரண்டு பேருக்கு மட்டும் பதில் தெரிந்த கேள்வி. அதை அங்கே அனுப்புவார்களாம். சரியான பதில் வந்தால் ஆள் உயிரோடு இருக்கிறார், அவர்களிடம்தான் இருக்கிறார் என்று அர்த்தம். அப்புறம்தான் பேரமே பேசுவார்கள். வெள்ளைக்கார இன்ஜினியர் வேலைக்குச் சேரும்போதே இப்படிக் கேள்விகளைச் சொல்லிவைத்திருந்தார். அவர் சின்ன வயசில் வளர்த்த நாயின் பேர் என்ன என்று கேட்டு அனுப்பி, பதிலும் வந்துவிட்டது. என் வீட்டுக்காரரிடம் யாரும் எதையும் கேட்டு வைக்கவில்லை. அதனால் நான் சொல்ல வேண்டும்.

நாய் பேரா! எவ்வளவு சுலபம் பாருங்கள் அவளுக்கு.

வீட்டுக்குப் போய் அத்தையிடம் சொன்னேன். “குலசாமி பேரக் கேளு” என்றார். அது ஊருக்கே தெரியும். “சின்ன வயசுல முதுவுல சூடு பட்டுதே, அதக் கேளு.” அது தெருவுக்கே தெரியும். எங்கள் கல்யாணம் திருவந்திபுரத்தில் நடந்தது, அன்றைக்கு அங்கே ஏகப்பட்ட கல்யாணம், நெரிசலில் என் வளையல் உடைந்தது. அதையும் சொந்தக்காரர்கள் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள். நாங்கள் போட்ட சண்டை, சமாதானம், அவர் எனக்கு வாங்கித் தந்த முதல் புடவை, எல்லாம் கொழுந்தனார் முதல் எதிர்வீடு வரை தெரிந்த கதை. எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்று இருந்தால்தானே! ஒரு மனுஷன் உயிரோடு இருக்கிறான் என்று காட்ட எனக்கென்று ஒரு விஷயம் கிடைக்கவில்லை. அன்றைக்கு நான் அழுத அழுகை அதற்காகத்தான்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. அது ரகசியம்கூட இல்லை, என் வயிற்றெரிச்சல்.

என்னைப் பெண் பார்க்க வருவதற்கு முன் அவர் சிதம்பரத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தார். அவளை வேண்டாம் என்று இவரே சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோரிடமும் “மனசுக்குப் படல” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கல்யாணமான புதிதில் நான் நச்சரித்துக் கேட்டபோது, “அவ ஒரு தடவகூட சிரிக்கல. நீ சிரிச்ச” என்றார். இதை எனக்கு மட்டும்தான் சொன்னார். நம்பினேனா? முக்கால்வாசி. அந்தப் பெண் தெற்கு வீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதும், அவள் புருஷனும் அதே கடையில் இருப்பதும், அவள் எத்தனை பிள்ளை பெற்றாள் என்பதும் எனக்குத் தெரியும். பிச்சாவரம் படகுக்குப் போனாலும் சிதம்பரத்தில் இறங்கி அந்தக் கடையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போவேன். அவர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி பொரிகடலை வாங்கிக்கொண்டு நிற்பார்.

கம்பெனி சாரிடம் கேள்வியைச் சொன்னேன். “சிதம்பரத்துல பாத்த பொண்ண ஏன் வேணாம்னு சொன்னன்னு கேளுங்க. ஒரு தடவகூட சிரிக்கலன்னு பதில் வரணும்.”

“ஏம்மா, இதத்தான் கேக்கணுமா?” என்றார்.

“இதான் சார் இருக்குது.”

பதில் வர நாள் பிடித்தது. அத்தை திருவந்திபுரத்துக்கு மொட்டை வேண்டிக்கொண்டார். நான் லேபில் யார் யார் கையிலோ நரம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது போன் வந்தது.

“பதில் வந்திருக்கும்மா. ஆனா நீங்க சொன்னது இல்ல.”

இன்ஜினியர் கையால் இங்கிலீஷில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்களாம். இவருக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது, இவர் சொல்லச் சொல்ல அவர் எழுதியிருக்க வேண்டும். சார் அதைத் தமிழில் சொன்னார். “நான் வேண்டாம்னு சொல்லல. எனக்கு அந்தப் பொண்ணப் பிடிச்சிருந்தது. அவதான் என்னை வேண்டாம்னு சொல்லச் சொன்னா.”

பிடிச்சிருந்தது என்ற வார்த்தை மட்டும்தான் என் காதுக்குள் போனது.

“இது பொருந்தலன்னா, அவர் அவங்ககிட்ட இல்லன்னு எடுத்துப்பாங்கம்மா. இல்லன்னா...” அவர் முடிக்கவில்லை. “அப்புறம் இன்ஜினியர் ஒருத்தருக்கு மட்டும்தான் பேசுவாங்க. பிடிச்சு வெச்சிருக்கிறவங்க வாய்க்கு வந்ததச் சொல்லியிருக்கலாம். நீங்க நல்லா யோசிச்சு, சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. ஆனா சும்மா சரின்னு மட்டும் சொல்லிடாதீங்க. இல்லாத ஆளுக்குப் பேரம் பேசினா இருக்கிறவர் உயிருக்கும் ஆபத்து.”

அத்தையைக் கேட்டேன். “என் புள்ளய எவ வேணாம்னு சொல்லுவா? மாடியில ரெண்டு பேரையும் தனியாப் பேச வுட்டாங்க. எறங்கி வந்து என் புள்ளதான் வேணாம்னுச்சு. அந்தப் பொண்ணு அப்பன் மூஞ்சியில ஈ ஆடல” என்றார். அப்படியென்றால் மாடியில் என்ன நடந்தது என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றே தெரியவில்லை. இன்னொருத்தி தெற்கு வீதியில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறாள். முதுநகரிலேயே சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்தேன்.

ஆலப்பாக்கம் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் ‘ஆமாம், நான்தான் சொன்னேன்’ என்றால் என் புருஷன் உயிரோடு இருக்கிறார், ஆனால் அவளைப் பிடித்திருந்தது. ‘இல்லை, அவர்தான் வேண்டாம் என்றார்’ என்றால் அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை, ஆனால் ஆள் இல்லை. வெள்ளாற்றுப் பாலம் வருவதற்குள் நான் சாமியிடம் வேண்டிக்கொண்டது இதுதான்: கடவுளே, என் புருஷனுக்கு அவளைப் பிடித்திருக்கட்டும். எந்தப் பொண்டாட்டியாவது இப்படி வேண்டியிருப்பாளா? வேண்டும்போதே பல்லைக் கடித்துக்கொண்டுதான் வேண்டினேன்.

கடையில் அவள் மிஷின் முன்னால் நின்றிருந்தாள். காலேஜ் பையன்கள் நாலு பேர் வரிசையில். அவள் புருஷன் ஓரமாக உட்கார்ந்து லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தார். நேராகப் போய், “நான் கடலூர்லேந்து வரேன். உன்னப் பொண்ணு பாக்க வந்தாரே, ஜெனரேட்டர் மெக்கானிக், அவரு வீட்டுக்காரி” என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். புருஷனைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைப் பக்கத்து மாடிப்படிக்குக் கூட்டிப்போனாள்.

விஷயத்தைச் சொன்னேன். டிவியில் பார்த்தாளாம், ஆனால் அது இவர்தான் என்று தெரியாதாம். எப்படித் தெரியும், இவர் பேரைத்தான் போடவே இல்லையே.

“ஒண்ணே ஒண்ணு சொல்லு. மாடியில யாரு வேணாம்னது?”

அவள் கண் விரிந்தது. “அவரு சொல்லிட்டாரா?”

“சொல்லுடி!”

“நான்தான்க்கா. கோவிச்சிக்காதீங்க. நீங்களே வேணாம்னு சொல்லிடுங்கண்ணா, நான் சொன்னா எங்கப்பா வெட்டிப் போட்டுடுவாருன்னேன். பொண்ணு பாக்க வந்தவர அண்ணான்னே கூப்ட்டுட்டேன், பயத்துல. அவரு கொஞ்ச நேரம் சும்மா நின்னாரு. அப்பறம் சரின்னாரு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணாரு. பொண்டாட்டிகிட்டகூட சொல்ல மாட்டேன்னாருக்கா.”

“சொல்லல. இன்னைக்குத்தான் சொன்னாரு.”

படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவர் இருக்கிறார். இவளுக்குக் கொடுத்த வாக்கை இத்தனை வருஷம் என்னிடம்கூட மறைத்துக் காப்பாற்றியிருக்கிறார். இரண்டுக்கும் சேர்த்துத்தான் அழுதேன். எதற்கு அதிகம் அழுதேன் என்று கேட்காதீர்கள்.

“அவர ஏன் வேணாம்ன?” என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. என் புருஷனுக்கு என்ன குறைச்சல்?

“அவரு நல்லவருதான்க்கா. வெளிநாட்டு வேலைன்னாங்க. எனக்கு அது ஆவாது. தெனம் சாயங்காலமானா வீட்டுக்கு வர்ற ஆளாப் பாத்துக் கட்டிக்கணும்னு நெனச்சேன்.”

கடைக்குள்ளிருந்து அவள் புருஷன் எட்டிப் பார்த்து, “டீ சொல்லட்டுமா? அவுங்களுக்கு சக்கர போடலாமா?” என்று கேட்டார். சாதாரணமான ஆள், சட்டை காலர் நைந்திருந்தது. வெள்ளைக்காரியைப் பார்த்துக்கூட எனக்கு அப்படி எரிந்ததில்லை.

அங்கிருந்தே கம்பெனி சாருக்குப் போன் போட்டேன். “அவருதான் சார். பதில் சரி. எனக்குத் தெரிஞ்சதுதான் தப்பு” என்றேன். எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள் என்றார். பக்கத்தில் நின்றவளிடம் போனைக் கொடுத்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி எல்லாவற்றையும் சொன்னாள். “இனிமே ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தாம்மா பேசுவோம்” என்று அவர் சொன்னபோது முதல்முறையாக அவர் குரலில் தடுமாற்றம் கேட்டது.

சில வாரம் கழித்து இரண்டு பேரையும் விட்டார்கள். என்ன கொடுத்தார்கள், யார் கொடுத்தார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வெள்ளைக்காரி ஏர்போர்ட்டில் அவள் புருஷனைக் கட்டிப்பிடித்ததை டிவியில் காட்டினார்கள். என் வீட்டுக்காரர் தாடியும் எலும்புமாகச் சென்னையில் வந்து இறங்கினார். அத்தை கட்டிப்பிடித்து அழுது முடிக்கும்வரை நான் டிராலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படம் பிடிக்க ஒருத்தரும் இல்லை.

வீட்டில் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. உடம்பு தேறட்டும் என்று பொறுத்தேன். எத்தனை நாள் பொறுக்க முடியும்? ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவரே ஆரம்பித்தார்.

“உன் கேள்விய துப்பாக்கி வெச்சிருந்தவன் படிச்சான். இன்ஜினியர் தொர எனக்கு வெளக்கிச் சொன்னாரு. சொல்லிட்டுச் சிரிச்சாரு பாரு, அங்க போனதுலேந்து அன்னைக்குத்தான் சிரிச்சாரு. ‘உன் பொண்டாட்டி நல்லா உயிரோட இருக்கா’ன்னாரு. எனக்கும் அப்பத்தான் தெம்பு வந்துது. வேற எவ இந்த நேரத்துல இதக் கேப்பா?”

“சிரிக்கலன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே. எதுக்கு மாத்திச் சொன்ன?”

“நீ அத நம்பலன்னு எனக்குத் தெரியாதா? சிதம்பரத்துக்குப் போறப்பல்லாம் அந்தக் கடையப் பாப்பியே. நீ நம்பாத பதில அனுப்பிச்சா, நான்தான்னு எப்படி நம்புவ? நெசத்த அனுப்புவோம்னு தோணுச்சு.”

“சரி, அவ வேணாம்னான்னு மட்டும் சொல்ல வேண்டியதுதானே? புடிச்சிருந்துதுன்னு ஏன் சேத்துச் சொன்ன?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். “அதச் சொல்லலன்னா நீ அழுதுட்டு வீட்லயே ஒக்காந்திருப்ப. புடிச்சிருந்துதுன்னு சொன்னாத்தான் பஸ் ஏறி நேரா அவகிட்டப் போய் நிப்ப. அவ சொன்னாத்தான் கம்பெனிக்காரன் நம்புவான்.”

அந்தப் பாலைவனத்தில், கையைக் கட்டி உட்கார வைத்த இடத்தில், இந்த மனுஷன் தன் உயிரை என் பொறாமை மேல் வைத்திருக்கிறார்.

“அப்ப அதுக்காகத்தான் சொன்னியா? இல்ல, நெஜமாவே அவளப் புடிச்சிருந்துதா?”

அவர் மோர் ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினார். ஊற்றினேன். அதற்கு மட்டும் இன்றுவரை பதில் வரவில்லை.